ஆப்பிளின் சிவப்புக்கு ஒரே எண் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேப்லெட்டில் ஓவியம் வரையச் சொல்லித்தரும் தொடர் ஒன்றை உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியிட்டு வருகிறீர்கள். நல்ல காரியம், நானும் விடாமல் படிக்கிறேன். கோடு போடுவது, வடிவம் பிடிப்பது, எந்தப் பொருளை எங்கே வைத்தால் கண் எப்படிப் போகும் என்றெல்லாம் சொன்ன பகுதிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் போன வாரம் ஸ்டில் லைஃப், அதாவது அசையாத பொருள்களை அடுக்கி வைத்து வரையும் படத்துக்கு வண்ணம் தீட்டுவது பற்றி வந்த பகுதியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு ஆப்பிள், ஒரு எலுமிச்சை, ஒரு நீலக் கிண்ணம், கீழே வெள்ளைத் துணி, படம் அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு ஆப்பிளுக்கு இந்த எண், அதன் நிழலுக்கு இந்த எண், பளபளப்புக்கு வெள்ளை, துணிக்குச் சாம்பல் என்று வண்ணக் குறியீடுகளை வரிசையாகக் கொடுத்துவிட்டீர்கள். உங்களிடம் இருக்கும் பொருள் வேறாக இருந்தால் போட்டோ எடுத்து, தொட்ட இடத்தின் நிறத்தை அப்படியே எடுத்துத்தரும் ஐட்ராப்பர் கருவியால் நிறத்தை உறிஞ்சிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வேறு.

குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தில் கட்டத்துக்குக் கட்டம் எண் போட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான் இது. புதிதாகக் கற்பவர்கள் மிரண்டுவிடக் கூடாது என்று செய்திருப்பீர்கள், புரிகிறது. அந்த எண்கள் சரியா தப்பா என்று நான் சண்டைக்கு வரவில்லை. நிறம் பொருளுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்துப் படத்தில் வைத்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதே, அதில்தான் எனக்கு மறுப்பு. டிஜிட்டலில் வரைகிறவர்களில் பலருடைய படங்கள் கோட்டில் பிரமாதமாக இருந்துவிட்டு வண்ணம் ஏறியதும் தட்டையாகிப் போவதற்கு இந்த நினைப்புதான் பெரும்பாலும் காரணம்.

ஆப்பிளையே எடுத்துக்கொள்வோம். ஜன்னல் பக்கம் வைத்தால் அதன் மேல் விழும் வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, கொஞ்சம் நீலம் கலந்த வெளிச்சம். அறைக்குள் மஞ்சள் பல்பு எரிந்தால் இன்னொரு பக்கத்திலிருந்து அந்த வெளிச்சமும் விழும். இப்போது ஆப்பிளின் நிழல் துணியில் இரண்டு திசையில் விழும், இரண்டும் இரண்டு நிறம்: பல்பை மறைக்கும் நிழலுக்குள் ஜன்னல் வெளிச்சம் மட்டும் போவதால் அது நீலமாகத் தெரியும், ஜன்னலை மறைக்கும் நிழலுக்குள் பல்பு வெளிச்சம் போவதால் அது ஆரஞ்சு கலந்து தெரியும். சந்தேகம் இருந்தால் மாலையில் விளக்குப் போட்டதும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் பேனாவை நிறுத்திப் பாருங்கள். ஒரே துணி, ஒரே பொருள், இரண்டு நிழலுக்கும் இரண்டு நிறம் என்றால் நிழலின் எண் என்று எதைக் கொடுப்பது? நிழல் என்பது வெளிச்சம் இல்லாத இடம் என்று நினைப்பதால்தான் எல்லோரும் அங்கே கறுப்பைச் சேர்க்கிறார்கள். உண்மையில் அங்கே ஒரு வெளிச்சம் தடைபட்டிருக்கிறது, மற்ற வெளிச்சங்கள் எல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் நிறம் என்ன என்று கேட்டால் நிழலின் நிறம் பாதி கிடைத்துவிடும்.

மீதிப் பாதி, பொருள் அந்த வெளிச்சத்தை என்ன செய்கிறது என்பது. இங்கேதான் ஸ்டில் லைஃப் சுவாரசியமாகிறது, ஏனென்றால் பொருள்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பதால் ஒன்றின் நிறம் இன்னொன்றின் மேல் தெறிக்கும். ஆப்பிளின் சிவப்பு துணியில் அதன் அடிப்பக்கத்தில் லேசாகப் படர்ந்திருக்கும், எலுமிச்சை பக்கத்தில் இருந்தால் அதன் நிழல்பக்கம் ஆரஞ்சை நோக்கிப் போகும். ஆனால் எல்லாத் தெறிப்பும் ஒரே மாதிரி இருக்காது. நீலக் கிண்ணத்திலிருந்து வரும் நீல வெளிச்சம் ஆப்பிளின் சிவப்புத் தோலில் விழுந்தால் அந்தத் தோல் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும், சிவப்புத் தோல் சிவப்பாகத் தெரிவதே மற்ற நிறங்களை அது உறிஞ்சுவதால்தானே. அதனால் ஆப்பிளின் அந்தப் பக்கம் நீலமாக மாறாது, இருட்டாகவேதான் இருக்கும். ஆனாலும் தோல் வழவழப்பாக இருப்பதால் விளிம்பை ஒட்டிச் சாய்வாகப் பார்க்கும் இடத்தில் மட்டும் நீலம் மெல்லிய கோடாகப் பளபளக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தெறிப்பு வெளிச்சம் போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாப் பொருளின் நிழல்பக்கத்திலும் ஒரு நீலப் பட்டை அடித்துவிடுகிறார்கள். இணையத்தில் பாதிப் படங்களில் அந்தப் பட்டையைப் பார்க்கலாம்.

பளபளப்புக்கு வெள்ளை என்று போட்டிருந்தீர்கள். ஆப்பிள், பீங்கான், கண்ணாடி மாதிரிப் பொருள்களில் பளபளப்புப் புள்ளி விளக்கின் நிறத்தில் இருக்கும், பொருளின் நிறத்தில் இருக்காது. ஜன்னலின் பளபளப்பு குளிர்ந்த வெள்ளை, பல்பின் பளபளப்பு மஞ்சள் கலந்த வெள்ளை. ஆனால் செம்பு, பித்தளை, தங்கம் என்று நிறமுள்ள உலோகத்துக்கு வந்தால் கதை மாறுகிறது, அவற்றின் பளபளப்பிலேயே உலோகத்தின் நிறம் ஏறியிருக்கும். செம்புப் பாத்திரத்தில் வெறும் வெள்ளைப் புள்ளி வைத்தால் அது செம்பு நிறப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். திராட்சை இன்னொரு விதம், வெளிச்சம் உள்ளே புகுந்து சுற்றிவிட்டு வெளியே வருவதால் விளக்குக்கு எதிர்ப்பக்கம், நாம் இருட்டாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் இடம், நிறம் செறிந்து ஒளிரும். இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நடத்தை உண்டு. அதை ஒரு முறை கவனித்துப் புரிந்துகொண்டால் எந்தக் குறியீடும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, வெளிச்சத்தைப் புரிந்துகொண்டாயிற்று, அப்போதாவது ஒரு எண் கிடைக்குமா என்றால், நம் கண் இன்னொரு சிக்கலைச் செய்கிறது. மிஷேல் எழேன் ஷெவ்ரல் என்று ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் இருந்தார், 102 வயது வரை வாழ்ந்தவர். 1824இல் அவரைப் பாரிஸின் கோப்லன் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவின் பொறுப்பாளராகப் போட்டார்கள். அங்கே வந்த புகார்களில் ஒன்று, கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே வைத்து நெய்தால் வெளிறித் தெரிகிறது என்பது. அவர் மற்ற ஆலைகளின் கறுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பின் தோற்றத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1839இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்: பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு நிறங்களை நம் கண் அவற்றுக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பெரிதாக்கித்தான் பார்க்கிறது. பின்னால் வந்த ஓவியர்கள் அதைப் படித்து எவ்வளவோ செய்தார்கள்.

டிஜிட்டலில் வரைகிறவருக்கு இது அன்றாடம் தேவைப்படும் விஷயம். ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஒரு நடுத்தரச் சாம்பலை வையுங்கள், அது நீலமாகத் தெரியும். ஐட்ராப்பரால் தொட்டால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்ணும் சமம், சுத்தச் சாம்பல் என்று காட்டும். ஐட்ராப்பரும் பொய் சொல்லவில்லை, கண்ணும் பொய் சொல்லவில்லை, ஆனால் படத்தைப் பார்க்கப் போவது கண்தான். 1995இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் ஒரு சதுரங்கப் பலகைப் படத்தைச் செய்தார், உங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள்: வெளிச்சத்தில் இருக்கும் கறுப்புக் கட்டமும், உருளையின் நிழலுக்குள் இருக்கும் வெள்ளைக் கட்டமும் திரையில் அச்சு அசலாக ஒரே சாம்பல். தெரிந்த பிறகும் நம்ப முடியாது. ஸ்டில் லைஃப் வரையும்போது நிழலில் இருக்கும் வெள்ளைத் துணியை நாம் வெளிச்சமாகவே தீட்டிவிடுவது இதனால்தான். அது வெள்ளை என்று மூளைக்குத் தெரியும், அந்தத் தெரிதல் கையில் வந்து உட்கார்ந்துவிடும். நிழலில் கிடக்கும் வெள்ளைத் துணி, வெளிச்சத்தில் இருக்கும் ஆப்பிளைவிட இருட்டாக இருப்பது சாதாரணமாக நடக்கும்.

இதையே சாதகமாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் அறியப்படும் வண்ணத்தட்டில் மொத்தமே நான்கு: வெள்ளை, காவி மஞ்சள், ஒரு சிவப்பு, கறுப்பு. நீலமே கிடையாது. கறுப்பையும் வெள்ளையையும் கலந்த சாம்பலைச் சூடான நிறங்களுக்கு நடுவே வைத்தால் அது நீலமாக வேலை செய்யும். இத்தாலியில் பொலோன்யாவில் வாழ்ந்த ஜார்ஜோ மொராண்டி (1890-1964) வாழ்நாளில் பெரும்பகுதியைப் புட்டி, ஜாடி, டப்பா இவற்றை வரைவதிலேயே கழித்தார். அவர் படங்களைத் திரையில் திறந்து ஐட்ராப்பரால் தொட்டுப் பாருங்கள், ஏறக்குறைய எல்லாமே மண்ணும் சாம்பலும் கலந்த மங்கல் நிறங்கள்தான். ஆனால் தள்ளி நின்று பார்க்கும்போது ஒரு புட்டி ரோஜா நிறமாகத் தெரியும், இன்னொன்று பச்சையாகத் தெரியும். நம் கையில் உள்ள சாதாரணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படி, மூன்றையும் பெருக்கினால் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல் நிறம். அத்தனையும் ஒரு விரல் தொடும் தூரத்தில் கிடைக்கிறது என்பதாலேயே எல்லாவற்றையும் முழுச் செறிவில் அள்ளிப் போட்டுவிடுகிறோம். படம் முழுக்கக் கத்தினால் எந்தப் பொருளும் காதில் விழாது. ஒரே ஒரு இடத்தில், ஆப்பிளில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் ஓரத்தில் மட்டும், சிவப்பை முழுதாக விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மங்கலாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் வாசகர்களை.

இப்போது அந்த ஐட்ராப்பர் யோசனைக்கு வருகிறேன், என் கோபத்தில் பெரும்பங்கு அதன் மேல்தான். போட்டோவில் இருக்கும் நிறம் நிஜமான நிறம் என்று எடுத்துக்கொண்டுதானே அதைச் சொல்கிறோம். கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் இருக்கிறது, பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். மற்ற இரண்டு நிறத்தையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா ஊகித்துக்கொள்கிறது. அதன் பிறகு எது வெள்ளை என்று அதுவாக ஒரு முடிவெடுத்து, மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சளைக் குறைத்து, நீல வெளிச்சத்தில் நீலத்தைக் குறைத்து, நிழலைத் தூக்கி, பளபளப்பை அடக்கி, கடைசியில் ஜேபெக் கோப்பாகச் சுருக்கும்போது வெளிச்ச விவரத்தை வைத்துக்கொண்டு நிற விவரத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. நீங்கள் வரைய ஆசைப்பட்டதே அந்த மாலை வெளிச்சத்தின் மஞ்சளுக்காக என்றால், அதைத்தான் கேமரா முதல் வேலையாக வழித்துப் போட்டிருக்கும். இந்தக் கோப்பில் ஒரு புள்ளியை உறிஞ்சினால் என்ன வரும்? பக்கத்துப் புள்ளியைத் தொட்டால் வேறு எண் வரும். பத்துப் பேர் ஒரே ஆப்பிளிலிருந்து பத்து சிவப்பை எடுப்பார்கள்.

ஐட்ராப்பரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு ஒரு அருமையான பயன் இருக்கிறது, வரிசையை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் கண்ணால் பார்த்து ஊகித்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துப் படத்தில் வையுங்கள், அப்புறம் ஐட்ராப்பரால் போட்டோவைத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம், எப்போதும் செறிவைக் கூட்டிப் பார்க்கிறோமா, நிழலை வெளிச்சமாகப் பார்க்கிறோமா என்று அது சொல்லிவிடும். அந்த விலகலைத் திருத்திக்கொண்டே போனால் கண் பழகும். முதலிலேயே உறிஞ்சிவிட்டால் படம் வந்துவிடும், ஆனால் அடுத்த படத்துக்கும் போட்டோ வேண்டும், அதற்கடுத்த படத்துக்கும் வேண்டும்.

எலுமிச்சையின் நிழலுக்கு அதே மஞ்சளின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்த எண்ணைக் கொடுத்திருந்தீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், 0 முதல் 255 வரையிலான எண்களில் சொன்னால் முழு மஞ்சள் 255, 255, 0. அதில் பாதி 128, 128, 0. இணைய வண்ணப் பட்டியலில் இந்த நிறத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ஆலிவ். உங்கள் எலுமிச்சையின் வெயில்பக்கம் எலுமிச்சையாகவும் நிழல்பக்கம் ஆலிவாகவும் இருந்ததற்குக் காரணம் அதுதான். மஞ்சளை வெறுமனே இருட்டாக்கினால் கண்ணுக்கு அது பச்சையை நோக்கிப் போய்விடும், எண்ணெய் வண்ணத்தில் மஞ்சளோடு கறுப்பைக் கலப்பவர்களுக்கும் இது தெரிந்த தொல்லை. இருட்டாக்கும்போதே வண்ணச் சக்கரத்தில் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் நகர்த்தினால் சூடான பழுப்பு வந்து எலுமிச்சை எலுமிச்சையாகவே இருக்கும். எவ்வளவு நகர்த்துவது என்பது அறையில் இருக்கும் மற்ற வெளிச்சத்தைப் பொறுத்தது, குளிர்ந்த வெளிச்சம் நிறைய இருந்தால் கொஞ்சம் பச்சை உண்மையிலேயே இருக்கும், அப்போது அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, நிறத் தேர்வுப் பலகையில் இருக்கும் பிரைட்னஸ் என்ற மூன்றாவது பட்டை. அதில் முழு மஞ்சளும் 100, முழு நீலமும் 100. இரண்டும் சம வெளிச்சமா? ஒரு முறை கண்ணால் பார்த்தாலே தெரியும், இல்லை. திரையின் வெள்ளை ஒளியில் நாம் உணரும் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, அதனால் அது வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறது, நீலம் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. பலகை மட்டும் இரண்டையும் ஒரே உயரத்தில் காட்டும். இதை நம்பித்தான் பலர் எலுமிச்சையின் நிழலையும் நீலக் கிண்ணத்தின் வெளிச்சப் பக்கத்தையும் தவறான இடத்தில் வைக்கிறார்கள்.

சரிபார்க்க வழி இருக்கிறது, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பது. அதிலும் ஒரு எச்சரிக்கை. ஃபோட்டோஷாப்பில் டீசாச்சுரேட் என்ற கட்டளையைக் கொடுத்தால் சுத்தச் சிவப்பு, சுத்த மஞ்சள், சுத்த நீலம் மூன்றும் ஒரே நடுச் சாம்பலாகிவிடும், சோதனையே வீண். அதற்குப் பதிலாக எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர் (படத்தின் மேல் விரிக்கும் தனி அடுக்கு) போட்டுச் சாம்பலாலோ கறுப்பாலோ நிரப்பி, அது கீழே உள்ளதோடு சேரும் விதத்தை, அதாவது மோடைக் கலர் என்று மாற்றுங்கள். இப்போது தெரிவதுதான் கண் உணரும் வெளிச்சத்துக்கு நெருக்கமான கறுப்பு வெள்ளை. வேலை செய்யும்போது அந்த லேயரை அவ்வப்போது போட்டுப் பார்த்து அணைத்துக்கொள்ளலாம். வண்ணம் சொதப்பிவிட்டது என்று புலம்புகிற படங்களில் பலவற்றில் சொதப்பியது வெளிச்ச அளவுதான் என்பது அப்போது தெரியவரும், வெளிச்ச அளவு சரியாக இருந்தால் ஆப்பிளை ஊதாவாகத் தீட்டினால்கூடக் கண் ஏற்றுக்கொள்ளும்.

கலப்பதைப் பற்றியும் உங்கள் பகுதியில் ஒரு வரி இருந்தது, மென்மையான பிரஷ்ஷால் இரண்டு நிறத்தையும் இழைத்துவிட்டால் போதும் என்று. வண்ணக்குழம்பில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று நாம் சிறுவயதிலிருந்து பழகியிருக்கிறோம். பெரும்பாலான மென்பொருள்கள் எண்களைக் கூட்டிப் பாதியாக்குகின்றன, அவ்வளவுதான். முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் சரிபாதி கலந்தால் 128, 128, 128, அதாவது செத்த சாம்பல். சிவப்பும் பச்சையும் கலந்தால் மறுபடியும் அந்த ஆலிவ். ரெபெல் போன்ற சில மென்பொருள்கள் நிஜ வண்ணக்குழம்பு போலக் கலக்கும் வழியைக் கொண்டுவந்திருக்கின்றன, அதன் அடிப்படை, வண்ணப்பூச்சில் ஒளி எப்படி உறிஞ்சப்பட்டுச் சிதறுகிறது என்று குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931இல் தந்த சமன்பாடுகள். அது கையில் இல்லாதவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே வரும் நிறத்தை மென்பொருளின் பொறுப்பில் விடாமல் தாங்களே தேர்ந்தெடுத்து வைப்பது. ஆப்பிளில் அந்த நடு நிறம்தான் பெரும்பாலும் மிகச் செறிந்த சிவப்பு, இழைத்துத் தள்ளினால் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

கீழே உள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் சாம்பலைப் போட்டு மொத்தப் படத்துக்கும் ஒரே வீச்சில் நிழல் அடிப்பது பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. அவசரத்துக்கு உதவும், ஆனால் துணி, ஆப்பிள், கண்ணாடி எல்லாவற்றின் நிழலும் ஒரே குடும்பமாகிவிடும். சாம்பலுக்குப் பதில் அறையின் மற்ற வெளிச்சத்தின் நிறத்தைப் போட்டால் பரவாயில்லை.

இன்னொன்று. வெள்ளைக் கேன்வாஸில் தொடங்கச் சொல்லியிருக்கிறீர்கள். சுற்றிலும் பளிச்சென்ற வெள்ளை இருக்கும்போது எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், பயந்துகொண்டு எல்லாவற்றையும் வெளிறலாக வைப்போம், கடைசியில் வெள்ளை மறைந்ததும் படம் முழுக்கச் சோகையாக இருக்கும். நடுச் சாம்பலிலோ மங்கலான பழுப்பிலோ தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை. திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் மாதிரி வசதிகளை வண்ணம் தீட்டும் நேரத்துக்காவது அணைத்து வைக்கச் சொல்லுங்கள், இரவில் அது ஏறியிருந்தால் திரையே மஞ்சளாகிவிடும், கண் அதற்குப் பழகிக்கொள்ளும், காலையில் பார்த்தால் படம் நீலம் பூத்துக் கிடக்கும்.

எண்ணைக் கொடுக்காமல் புதியவர்களுக்கு என்னதான் கொடுப்பது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஒரு நிறத்தைத் தேடும்போது அதைப் பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டு, இது அதைவிட வெளிச்சமா இருட்டா, சூடா குளிர்ச்சியா, செறிவா மங்கலா என்று கேட்கப் பழக்குங்கள், இந்த வரிசையிலேயே. பதில் எப்போதும் ஒப்பீடாகத்தான் இருக்கும், அதனால் வாசகரின் அறையில் எந்த விளக்கு எரிந்தாலும் பொருந்தும். பயிற்சிக்கு ஆப்பிள், எலுமிச்சை, நீலம் என்று ஆரம்பிப்பதே கொஞ்சம் தவறான இடம் என்பது என் கருத்து, அவற்றின் பெயர்களோடு நிறமும் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பார்க்கவே விடாது. ஒரு வெள்ளைக் கோப்பை, ஒரு வெள்ளைத் தாள், ஒரு முட்டை இவற்றை வெள்ளைத் துணியில் வைத்து, ஒரு பக்கம் ஜன்னலும் மறுபக்கம் விளக்குமாக வரையச் சொல்லுங்கள். முழு வெள்ளையைக் கோப்பையின் பளபளப்புக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற இடமெல்லாம் என்ன நிறம் என்று தேட வேண்டும் என்பது நிபந்தனை. இளநீலம், வெளிர் ஆரஞ்சு, ஊதா கலந்த சாம்பல், முட்டையின் அடியில் ஒரு சூடான பழுப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதைப் பார்த்தவர் பிறகு ஆப்பிளுக்குப் போனால் அவருக்கு எண் தேவைப்படாது.

கடைசியாக உங்கள் அச்சகம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். வாசகர்கள் அனுப்பும் படங்களை வெளியிடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, உங்கள் தாள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் காட்டுகிறது. செய்தித்தாள் காகிதம் வெள்ளையும் கிடையாது, மையை உறிஞ்சிப் பரப்பவும் செய்யும். திரையில் ஜொலிக்கும் நீலமும் பச்சையும் அங்கே வரவே வராது, மங்கித்தான் வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் படம் அனுப்பியவர் தன் வண்ணத் தேர்வுதான் மட்டம் என்று நினைத்துக்கொள்வார். கோப்பில் உள்ள எண்களை எந்த நிறமாகக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குறிப்புக்குச் சுயவிவரம் என்று பெயர், கோப்பை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான சுயவிவரத்தோடு சேமித்து அனுப்பச் சொல்லுங்கள், விரிந்த வண்ண வெளியில் வரைந்துவிட்டுச் சுயவிவரம் இல்லாமல் அனுப்பினால் அச்சுக்குப் போவதற்கு முன்பே நிறம் செத்துவிடும். கூடவே, வெளியாகும் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அதன் கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றைச் சின்னதாகப் போட முடியுமா என்று பாருங்கள், மேலே சொன்ன கலர் மோட் லேயர் வழியில் எடுத்தது. அந்த வண்ணக் குறியீட்டுப் பெட்டிக்கு ஒதுக்கிய இடமே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
தொடரை விடாமல் படிக்கும் ஒரு வாசகர்